மருந்துக்கு மருந்து

அன்று கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் இருந்தவர்கள்: நான். என் மனைவி, வயிற்றில் நாலு மாதம். அவளுடைய அண்ணன், எனக்கு மச்சான், என்னோடு மருந்தடிக்கிறவன். மருந்தடியில் மூத்தவர் ஒருவர். பெரியப்பா என்று கூப்பிடுவோம், யாருக்கும் சொந்தப் பெரியப்பா இல்லை. மருந்தடிக்கிற மற்ற ஆட்கள், பக்கத்து டிவிசன்காரர்களும் சேர்த்து. தோட்டத்தில் எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற கண்டக்கையா, எங்களைக் கூட்டி வந்து உட்கார வைத்தவர். கடைசியாக, பதுளையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய மிஸ்.

மிஸ் டீச்சர் இல்லை. கம்பஸில் ஆராய்ச்சி செய்கிறவர். பதுளை டவுனில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் குடும்பம். படித்த பெண் பிள்ளை யார் வந்தாலும் எங்களுக்கு மிஸ்தான்.

எங்கள் தோட்டம் நமுனுகுலப் பக்கம். தேயிலை நிரைக்கு நடுவில் வருகிற புல்லுக்கு மருந்தடிப்பது எங்கள் வேலை. டாங்கியை முதுகில் மாட்டி, ஒரு கையால் பம்பு அடித்து, மறு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு மலை ஏற வேண்டும். பாரம்தான். ஆனால் மதியத்தோடு வேலை முடிந்துவிடும். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் கொஞ்ச இடத்தில் போஞ்சிக் காய் போட்டிருந்தேன். பின்னேரம் அதைப் பார்க்கலாம் என்றுதான் மருந்தடிக்குப் போனேன். போய் ஒன்பது வருஷம்.

மிஸ் பையைத் திறந்து, நீளக் குச்சிகளும் கண்ணாடித் துண்டுகளும் எடுத்து மேசையில் வைத்தார். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்.

“தினமும் மருந்து எடுக்கிறவங்க கைய உசத்துங்க. அவங்கள இதுல சேர்க்க ஏலாது.”

எல்லாரும் கை தூக்கினோம். காலையில் ஆட்களை நிறுத்தும் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் மருந்து ரூமுக்குப் போய் மருந்து எடுப்பதுதான் எங்கள் முதல் வேலை. தினமும் எடுக்கிறோம்.

மிஸ்ஸின் முகம் மாறிவிட்டது. இத்தனை பேருக்குமா என்று கேட்டார். எத்தனை காலமாக என்று கேட்டார். நான் என் கணக்கைச் சொன்னேன். பெரியப்பா, கல்யாணத்துக்கு முந்தியிருந்தே எடுப்பதாகச் சொன்னார்.

“என்ன நோய்க்கு, என்ன வருத்தத்துக்கு எடுக்கிறீங்க?”

“வருத்தம் ஒண்ணுமில்ல மிஸ்,” என்றான் மச்சான். “புல்லுக்குத்தான்.”

அதற்குள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். மருந்து எடுக்கிறவன் வேண்டாம் என்றால் மருந்தடிக்காரனை ஏன் கூப்பிட வேண்டும் என்று பெரியப்பா கண்டக்கையாவைக் கேட்டார். கண்டக்கையாவுக்கும் விளங்கவில்லை. மூலையில் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்த என் மனைவிதான் சொன்னாள்.

“அவங்க கேக்குறது குடிக்கிற மருந்த. நீங்க சொல்றது அடிக்கிற மருந்த.”

முதலில் சிரித்தது மிஸ். பிறகு எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. புல்லைச் சாகடிப்பதும் மருந்து. சின்ன வயதிலிருந்து அப்படியே சொல்லி வருகிறோம். அது ஒரே சொல்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தட்டுப்பட்டது.

மிஸ் வந்த காரியம் இது. மனித உடம்பில் கண்ணுக்குத் தெரியாத அறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறைக்குள்ளும் உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்த மாதிரி ஒன்று இருக்கிறது. ஓர் அறை இரண்டாகப் பிரியும்போது அந்த எழுத்தையும் பார்த்து எழுதிக்கொள்கிறது. சில நேரம் பிழையாக எழுதிவிடும். வெயில், புகை, நாங்கள் அடிக்கிற மருந்து மாதிரிச் சிலது, எல்லாம் அந்த எழுத்தை உடைக்கலாம். உடைந்ததை உடம்பே பெரும்பாலும் சரிசெய்துவிடும். எப்போதும் சரிசெய்யாது. அந்த எழுத்துக்குப் பேர் டி.என்.ஏ. என்றார்.

அந்தப் பேரைக் கேட்டதும் மடுவத்தில் சலசலப்பு. டி.வி.யில் கேட்ட பேர். பிள்ளை யாருடையது என்று பார்க்கிறதுதானே அது என்று ஒருவன் கேட்டான்.

“அதையெல்லாம் பார்க்க வந்தீங்கன்னா வேணாம் மிஸ்,” என்றார் பெரியப்பா. “லயத்துல சண்ட வந்துரும்.”

அதைப் பார்க்க வரவில்லை என்று மிஸ் சத்தியம் செய்யாத குறை.

செடிகளைப் பற்றியும் சொன்னார். செடி வெயிலில் நிற்கிறது. ஓட முடியாது. அதனால் தன்னைக் காத்துக்கொள்ளச் சில சாரங்களை உள்ளே செய்து வைத்துக்கொள்கிறது. தேயிலையில் இருக்கிறது. மஞ்சளில் இருக்கிறது. வல்லாரையிலும் இருக்கிறது. அவை நம் எழுத்தையும் காப்பாற்றக்கூடும். கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மனிதருக்குள் போனால் அதே வேலையைச் செய்யுமா என்பதுதான் கேள்வி.

தேயிலையில் இருக்கிற அந்தச் சாரம் தூளிலும் இருக்குமா என்று பெரியப்பா கேட்டார். நல்லது எல்லாம் கப்பலேறிப் போய்விடுகிறது, எங்களுக்கு மிஞ்சுவது தூள்தானே என்றார். தூளிலும் இருக்கிறது என்றார் மிஸ். அப்ப சரி என்றார் அவர்.

என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேலை நர்சரியில். ஒரே தாய்ச்செடியில் வெட்டிய துண்டுகளைப் பையில் நட்டு வளர்க்கிறார்கள். எல்லாம் ஒரே மாதிரி வர வேண்டும். எப்போதாவது ஒன்று மட்டும் வெள்ளைத் திட்டோடு இலை விடும். அதிலிருந்து வெட்டி நட்டால் அதுவும் திட்டோடுதான் வரும். மிஸ் சொன்னது அவளுக்கு எங்களைவிடச் சீக்கிரம் விளங்கியிருக்க வேண்டும்.

கடைசியில் எழுந்து நின்று கேட்டாள். “இவரு ஒடம்புல உள்ளது, என் வயித்துல உள்ளதுக்குப் போகுமா மிஸ்?”

இதற்குத்தான் அவள் அரைநாள் வேலையை விட்டு வந்திருந்தாள். முந்தின வருஷம் வயிற்றில் வந்த ஒன்று ஐந்தாம் மாதத்தில் நிற்காமல் போய்விட்டது. ஏன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. அவர்களுக்கும் தெரியவில்லை. அவள் எதுவும் என்னைச் சொன்னதில்லை. ஆனால் நான் டாங்கியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வரும்போது என் கையைப் பார்ப்பாள்.

மிஸ் எழுந்து வந்தார். அவளைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். போகும் என்று சொல்லவும் தன்னால் முடியாது, போகாது என்று சொல்லவும் முடியாது என்றார். பிறகு ஒன்று கேட்டார்.

“அவர்ட சட்டைய யார் துவைக்கிறது?”

மனைவி என்னைப் பார்த்தாள். மற்றவர்களும் என்னைப் பார்த்தார்கள்.

அன்று பின்னேரமே சட்டையையும் களிசானையும் எடுத்துக்கொண்டு, மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்குப் போனேன். பீலித் தண்ணீரில் துணி துவைப்பது பெண்கள். ஆண்கள் குளித்துவிட்டுப் போவார்கள். நான் குந்தி உட்கார்ந்து சோப்புப் போட்டதும் பேச்சு நின்றது. ஒரு அக்கா, தம்பிக்குப் புது உத்தியோகமா, எங்க வீட்டுத் துணியும் கொண்டு வரவா என்றாள். கொண்டு வாங்க என்றேன். ஒரு வாரம் சிரித்தார்கள். பிறகு வேறு ஒருவரைப் பார்த்துச் சிரிக்கப் போய்விட்டார்கள்.

அன்று மடுவத்தில் மிஸ் எங்கள் கன்னத்தின் உள்பக்கம் குச்சியால் தேய்த்து எடுத்துக் கண்ணாடியில் பூசிக்கொண்டார். வலி இல்லை. அதன் பிறகு சீட்டுப் போட்டார். கஞ்சிச் சீட்டு விழுந்தவர்கள் இரண்டு மாதம் காலையில் வல்லாரைக் கஞ்சி குடிக்க வேண்டும். வெறும் சீட்டு விழுந்தவர்கள் வழக்கம்போல் சாப்பிட வேண்டும், இலை அதிகம் சேர்க்கக்கூடாது. கடைசியில் இரண்டு சீட்டுக்காரர்களுக்கும் மறுபடி கன்னத்தில் தேய்த்து எடுத்துப் பார்ப்பார்.

மச்சானுக்குக் கஞ்சி. பெரியப்பாவுக்குக் கஞ்சி. எனக்கு வெறும் சீட்டு.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள், மருந்தடியை விட்டுவிடுங்கள் என்று. என்னிடம் கேட்டுக்கொள்கிற மாதிரிச் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மிஸ்ஸின் முடிவு வரட்டும் என்றேன். இலை காப்பாற்றும் என்றால் நானும் தின்றுகொண்டு இருந்துவிடுகிறேன். இல்லை என்றால் விட்டுவிடுகிறேன்.

“நர்சரியில வேற மாதிரி வந்தத புடுங்கிப் போடுறது என் கைதான்,” என்றாள்.

நான் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

புள்ளைக் காம்பராவில் பிள்ளைகளைப் பார்க்கிற ஆயாம்மா கஞ்சி காய்ச்சினார். ஓடைக்கரையில் வல்லாரை கிடக்கிறது. அரைத்துப் பிழிந்து, சோற்றோடு போட்டுக் கொதிக்க வைத்து, உப்புப் போட்டு இறக்குவார். பெரட்டுக் களத்துக்கு வாளியில் வரும். கஞ்சிக்காரர்கள் ஒரு பக்கம் நின்று குடிப்பார்கள். நாங்கள் பால் இல்லாத சாயத் தண்ணியோடு மறுபக்கம் நிற்போம். கஞ்சிப் பக்கம் முதலில் முகத்தைச் சுளித்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு பெருமை வந்துவிட்டது.

மச்சான்தான் அந்தப் பேரை வைத்தான். “இது மருந்துக்கு மருந்து மச்சான்,” என்றான். “உள்ள இது இருந்தா வெளிய அது ஒண்ணும் பண்ணாது.”

அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. ஆயாம்மாவே, மருந்துக்கு மருந்து வந்தாச்சு என்று வாளியை இறக்குவார். பேர் வந்ததும் அதற்கு ஒரு பலமும் வந்துவிட்டது. முதலில் மச்சான் கையுறையைக் கழற்றினான். வியர்க்கிறது, பம்பு வழுக்குகிறது என்றான். பிறகு முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினான். கஞ்சிக்காரர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் அதே மாதிரிச் செய்தார்கள். நாங்கள் வெறும் சீட்டுக்காரர்கள், முகமூடியோடு மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஏறினோம். பயந்தாங்கொள்ளிகள் வர்றாங்க என்று மேலிருந்து மச்சான் குரல் கொடுத்தான்.

அவனைச் சும்மா சொல்லக்கூடாது. முட்டாள் இல்லை அவன். வயிற்று வலிக்குக் குடித்தால் வயிற்று வலி போகிறது. மருந்து என்று பேர் இருந்தால் அது எதையோ நிறுத்தும் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைப்போம்.

ஒரு நாள் காற்று எங்கள் பக்கம் திரும்பியது. கீழ் மலையில் அடித்துக்கொண்டிருந்தோம். எனக்கு இரண்டு நிரை தள்ளி மச்சான். குழாயை விட்டுவிட்டு உட்கார்ந்ததைப் பார்த்தேன். களைத்துவிட்டான் என்று நினைத்தேன். அப்புறம் வாந்தி எடுத்தான். டாங்கியைக் கழற்றி, அவனைத் தோளில் போட்டு ரோட்டுக்கு இறக்கினோம். டிஸ்பென்சரியில் சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, படுக்க வைத்தார்கள். பின்னேரம் எழுந்து உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது.

“காலையில கஞ்சி குடிச்சேனே,” என்றான் என்னைப் பார்த்து. அவன் பொய் சொல்கிறான் என்று யாரோ குற்றம் சாட்டின மாதிரி சொன்னான்.

கண்டக்கையா போன் போட்டு, மிஸ் மறுநாளே வந்துவிட்டார். முகம் வாடியிருந்தது. எங்களை அதே மடுவத்தில் உட்கார வைத்தார். தான் சரியாகச் சொல்லவில்லை என்றார். இலை செய்யக்கூடியது உள்ளே, மெதுவாக, வருஷக்கணக்கில் நடக்கிற ஒரு சேதத்துக்கு. இன்றைக்கு மூச்சில் போகிற மருந்தை, தோலில் படுகிற மருந்தை எந்த இலையும் நிறுத்தாது.

“கஞ்சி உங்கட கையுறை இல்ல,” என்றார். “அப்படி நினைக்கிறதா இருந்தா நான் இத இன்றைக்கே நிப்பாட்டிர்றேன்.”

மச்சான் தலையைக் குனிந்து, நிறுத்த வேண்டாம், போட்டுக்கொள்கிறோம் என்றான். அன்றோடு மருந்துக்கு மருந்து என்ற பேரும் போய்விட்டது. ஆயாம்மா மட்டும் மறந்துபோய் இரண்டொரு தடவை சொன்னார்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. வெறும் சீட்டுக்காரர்கள் வீட்டில் இலை அதிகம் சாப்பிடவில்லையே என்று மிஸ் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன், அன்றும் வந்திருந்த மனைவி சொல்லிவிட்டாள். ஆரம்பத்திலிருந்தே ஒவ்வொரு நாளும் எனக்கு வல்லாரைச் சம்பல் வைத்ததாக. எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டேன்.

சாப்பிடக்கூடாது என்று தான் சொன்னது அவளுக்குத் தெரியாதா என்று மிஸ் கேட்டார். தெரியும் என்றாள்.

“உங்களுக்கு வேற ஆளு கிடைப்பாங்க மிஸ். எனக்கு இவரு ஒராளுதான்.”

மிஸ் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்தார். என்னைக் கணக்கில் எடுக்க முடியாது என்று மட்டும் சொன்னார். சரி என்றேன். போகும்போது மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். எத்தனை மாதம் என்று கேட்டதாக மனைவி பிறகு சொன்னாள். ஐந்தாம் மாதத்தைத் தாண்டியிருந்தது. அதை நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

முடிவு சொல்ல மிஸ் வந்தபோது மனைவிக்கு ஏழாம் மாதம் முடிந்துவிட்டது. புள்ளைக் காம்பராவில் பாய் விரித்து உட்கார்ந்தோம். தொட்டிலில் பிள்ளைகள் தூங்கியதால் எல்லாரும் மெதுவாகப் பேசினோம்.

கஞ்சி குடித்தவர்களுக்கு உடைந்த அறைகள் கொஞ்சம் குறைவாகத் தெரிகின்றன என்றார். மச்சான் நிமிர்ந்தான். ஆனால் ஆட்கள் குறைவு, காலமும் குறைவு, தற்செயலாகவும் அப்படி வந்திருக்கலாம் என்றார். மச்சான் திரும்பச் சாய்ந்தான்.

எனக்கு வேண்டியது ஒரு சொல். கேட்டேன். “காப்பாத்துதா இல்லையா மிஸ்?”

“காப்பாத்தலாம்,” என்றார்.

நான் காத்திருந்தேன். அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. மறைக்கவில்லை. எவ்வளவு தெரியுமோ அவ்வளவைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

லயத்தை உடைத்துப் புது வீடு கட்டித் தரலாம் என்று சொல்கிறார்களே, அந்த மாதிரி ‘லாமா’ என்று பெரியப்பா கேட்டார். மிஸ் சிரிக்கவில்லை. இது அதைவிடக் கொஞ்சம் நல்ல ‘லாம்’ என்றார். கஞ்சி குடிப்பதில் கெடுதல் இல்லை, விருப்பம் இருந்தால் தொடருங்கள், கையுறையை மட்டும் கழற்றாதீர்கள் என்றார்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். மனைவி மெதுவாக நடந்தாள். இலை காப்பாற்றும் என்றால் இருப்பேன், இல்லை என்றால் விடுவேன் என்று நான் சொன்ன கணக்கு அவளுக்கு ஞாபகம் இருக்கும். அவள் அதை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. போஞ்சி பூ விட்டிருந்தது. அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு யோசித்தேன். ஆம் என்றோ இல்லை என்றோ யாராவது சொன்னால் அதன்படி நடக்கலாம் என்று மூன்று மாதத்துக்கு மேல் இருந்துவிட்டேன். படித்தவரே சொல்ல முடியாது என்கிறார். அப்படியென்றால் சொல்ல வேண்டியவன் நான்தான்.

மறுநாள் பெரட்டில் மருந்தடிக்குப் பேர் கூப்பிடும்போது நான் அந்தப் பக்கம் போகவில்லை. தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக்குப் போடுங்கள் என்று கண்டக்கையாவிடம் கேட்டேன்.

“கஞ்சி வேலை செய்யுதுன்னுதானேப்பா மிஸ் சொன்னாங்க?”

“செய்யலாம்னாங்க ஐயா.”

கவ்வாத்து என்றால் மதியத்துக்கு மேலும் மலையில்தான், போஞ்சியை யார் பார்ப்பது என்று கேட்டார். அது போகட்டும் என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு பேரை மாற்றினார். மச்சான் டாங்கியை மாட்டிக்கொண்டு நின்றான். கையுறை போட்டிருந்தான். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

அன்று வீட்டுக்குப் போனபோது மனைவி என் கையைப் பார்த்தாள். தேயிலை வாது கீறின கோடுகள் இருந்தன. வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

மாதம் நிறைந்து, வலி வந்தது ஒரு காலை. த்ரீவீலில் பஸ்ஸரைப் பாதையைப் பிடித்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வளைவுக்கு வளைவு டிரைவர் திரும்பிப் பார்த்தான். ரோட்டைப் பார் என்றேன். வார்டுக்குள் என்னை விடவில்லை. பெண் பிள்ளை என்று பின்னேரம் சொன்னார்கள். பார்க்க விட்டது மறுநாள் மதியம்.

மனைவி கட்டிலில் சாய்ந்திருந்தாள். பிள்ளை பக்கத்தில் துணிக்குள் சுருண்டு கிடந்தது. எல்லாம் சரியா என்று கேட்டேன். சரி என்று நர்ஸம்மா சொன்னதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், துணியை விலக்கினாள்.

“எண்ணுங்க,” என்றாள்.

“எதை?”

“விரல. எனக்குப் பத்தொன்பதுதான் வருது.”

அவள் எத்தனை தடவை எண்ணினாள் என்று கேட்கவில்லை. அந்த எழுத்து கண்ணால் பார்க்கிற காரியம் இல்லை என்று மிஸ் சொன்னது எங்கள் இருவருக்கும் தெரியும். விரல் சரியாக இருந்தால் மற்றது சரி என்று ஆகாது. அதுவும் தெரியும். கட்டில் ஓரம் குந்தினேன். என் கை சொரசொரப்பாக இருந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டு காலில் ஆரம்பித்தேன். ஒரு கால் ஐந்து. மறு கால் ஐந்து. வலது கை விரிந்து கிடந்தது, ஐந்து. இடது கையை மூடி வைத்திருந்தது. தொட்டால் இன்னும் இறுக்கியது. வெளியே நாலு விரல் தெரிந்தது.

மனைவி தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

கை தானாகத் தளரும் வரைக்கும் என் சுண்டு விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தளர்ந்தது. பெருவிரல் உள்ளே மடங்கி இருந்தது.

இருபது.